மாடி ஏறிப் பழகி மலை இறங்கினோம்

சென்னையில் மலை கிடையாது. பரங்கிமலையைச் சொல்வீர்கள். அதை மலை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நமக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் மேம்பாலம்தான். இந்த லட்சணத்தில் இலங்கையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மலை ஏறி இறங்கி ஓடும் போட்டிக்கு நானும் என் அக்காவும் பெயர் கொடுத்தோம். நான் தி. நகரில் பிளவுஸ் துணியும் லைனிங்கும் விற்கிறவன். அக்கா கோமதி அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், குடியிருப்பு திருவான்மியூர்.

அக்காவின் கட்டடம் பதினாலு மாடி. போட்டி நடக்கிற மலையின் உயரத்தை அவள் மாடிக்கணக்காக மாற்றிவிட்டாள். தினமும் விடிகிறதுக்கு முன்னால் நான் பைக்கில் போய்விடுவேன். படிக்கட்டில் மேலே ஏறுவோம். உச்சிக்குப் போனதும் லிஃப்ட் பிடித்துக் கீழே வருவோம். மறுபடியும் ஏறுவோம்.

"இறங்குறதுக்கு எதுக்குடா பழகணும்? அதைப் புவியீர்ப்பு பாத்துக்கும். அந்த நேரத்துல இன்னொரு தடவை ஏறிரலாம்" என்றாள். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது மாடி மாமா ஒருத்தர் பால் வாங்க இறங்கும்போது, படியில் ஏறிப்போன எங்களை லிஃப்டில் பார்த்துத் திகைத்துப் போனார். "எல்லாரும் லிஃப்ட்ல ஏறிட்டு படியில இறங்குவா. நீங்க தலைகீழா பண்றேளே" என்றார். அக்கா சிரித்தாள். அவருக்கு விளக்கம் சொல்வதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் கடற்கரை. பெசன்ட் நகர் மணலில் ஆரம்பித்து ஊரூர் குப்பம் வரை போய்த் திரும்புவோம். மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஒருநாள் எங்களை நிறுத்தியே விட்டார். "இன்னாக்கா, யாரு தொரத்துறாங்க? வாரம் தவறாம ஓடிக்கினே கீறீங்க."

"மலையில ஓடப் போறோம். அதுக்குப் பழகுறோம்" என்றாள் அக்கா.

"மலைக்கிப் போனா சாமி கும்ட்டு லட்டு வாங்கினு வருவாங்க. நீ இன்னாடான்னா ஓடப் போறேன்ற" என்று சொல்லிவிட்டு, என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். நான் சுறாவை விலை கேட்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்தப் போட்டி வெறும் போட்டி இல்லை. அத்தான் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் கல்யாணமாகி புனேயில். அக்கா அந்தத் திருவான்மியூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். "அம்பது வயசுல ஒத்தையில எதுக்குக் கெடக்கணும், நம்ம மாடிக்கு வந்துரட்டும்" என்று அம்மா பாடாத நாளில்லை. நானும் அம்மா கட்சிதான். தி. நகர் வீட்டு மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்து ஏசியும் மாட்டி வைத்துவிட்டேன்.

என் பயம் எனக்கு. அக்கா யாரிடமும் ஒரு உதவி கேட்க மாட்டாள். போன வருஷம் டெங்கு வந்தபோது தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு போன் பண்ணினாள். "இப்ப சரியாயிருச்சுடா" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதிலிருந்து அவள் போனை எடுக்க ஒரு நிமிஷம் தாமதமானாலும் நான் பைக் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

பொங்கலன்று மாடிப் பேச்சு பெரிய சண்டையாகிவிட்டது. அக்கா எழுந்து நின்று சொன்னாள்: "அந்த மலை ஓட்டத்தை நான் முடிச்சுட்டேன்னா, இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக் கூடாது. முடிக்கலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு நானே வந்துர்றேன்." அம்மா யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டாள். போட்டியோ ஜோடியாக ஓடுவது. ஒருத்தர் நின்றால் இரண்டு பேரும் அவுட். ஜோடிக்கு அக்கா என்னைத்தான் பிடித்தாள். அவள் தோற்றால் ஜெயிப்பது நான், அவளுக்குத் துணையாக ஓடுவதும் நான். நல்ல கூத்து.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில், போட்டி நடக்கிற அப்புத்தளைக்கு ரயில் ஏறினோம். ஜன்னலோர சீட் யாருக்கு என்று எங்களுக்குள் வழக்கமான தகராறு. எதிரில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா எங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. "நீங்க புருஷன் பொஞ்சாதியா என்று கேக்கிறா" என்றார்.

"அக்கா தம்பி" என்றாள் அக்கா.

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்த அம்மா தலையை ஆட்டி ஒரு வார்த்தை சொன்னார். "அதான் சண்டை என்கிறா" என்று மொழிபெயர்ப்பு வந்தது. பிறகு வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து எங்களுக்கும் கொடுத்தார்கள். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். அந்தச் சம்பலின் காரம் காதுவழியாக வெளியே வந்தது. நம் ஊர் ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலம் இப்படித் தெரியாதவர்களுக்கு நீளுவதை நான் பார்த்து வெகுநாளாகிறது.

மலை ஏற ஆரம்பித்தபின் ரயில் ஒரு வளைவில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடக்கிறதாம். மாம்பலத்தில் ரயில் கொஞ்ச நேரம் நின்றாலே நாம் ரயில்வே மந்திரி வரைக்கும் திட்டிவிடுவோம். இங்கே ஒருத்தரும் பதறவில்லை. இறங்கி, பக்கத்துக் கடையில் டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரையும் மேலே ரோட்டுக்கு ஏறிப் பஸ் பிடிக்கச் சொன்னார்கள்.

அந்த பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல. நம் 29சி டிரைவர்களெல்லாம் இவரிடம் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டும். பக்கத்தில் அதலபாதாளம், அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். வழியில் ஓரிடத்தில் நின்றபோது பசிக்கு இறங்கி இரண்டு பருப்பு வடை வாங்கினேன். கையில் வந்தபிறகுதான் பார்க்கிறேன், வடைமேல் முழு இறால் ஒன்று மீசையோடு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை. கவிச்சி தொட மாட்டோம். இதை என்ன செய்வது என்று யோசிக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. போட்டியில் ஓடியதைவிட நான் வேகமாக ஓடியது அந்த பஸ்ஸுக்குப் பின்னால்தான். ஏறி நின்று மூச்சு வாங்கியபோது அக்கா சொன்னாள்: "நல்ல பயிற்சிடா. வடையை முன் சீட்டுப் பிள்ளைங்ககிட்ட குடு."

அப்புத்தளைக்கு வந்தபோது ஊரே பனிமூட்டத்துக்குள் இருந்தது. நாங்கள் தங்கியது ராணி என்பவரின் வீட்டில், மேலே இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார். அவர் குடும்பம் தலைமுறையாகத் தோட்டத்தில் வேலை பார்த்தது, அவரும் வீட்டுக்காரரும் மட்டும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். "சென்னைல இருந்தா வாறீங்க? அங்க வெயில் எப்படித்தான் தாங்குறீங்களோ" என்று விசாரித்தார். அந்தத் தமிழைக் கேட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து உறவுக்காரர் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதி என்றதும் எங்கள் இருவருக்கும் காது நிமிர்ந்தது. எங்கள் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைப்பது வழக்கம். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கட்டியான தேங்காய்ப்பால், பக்கத்தில் இஞ்சித் துவையல். இங்கே வந்தது மஞ்சளாக, தண்ணியாக இருந்தது.

"இது சொதியில்லடா, ரசம். பருப்பு எங்க, முருங்கைக்காய் எங்க?" என்றாள் அக்கா தணிந்த குரலில்.

"எங்கட சொதி இதுதான். ஒங்க ஊர்ல என்னமோ சாம்பாருக்குச் சொதின்னு பேர் வச்சிருக்கீங்க" என்றார் ராணி அடுப்படியிலிருந்து. காது பயங்கரக் கூர்மை. அக்கா வாயை மூடிக்கொண்டு இன்னும் நாலு இடியப்பம் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஓட்டக்காரர்களுக்கான எண் அட்டை வாங்கத் தேயிலை ஃபேக்டரிக்குப் போனோம். போட்டி அதன் மைதானத்தில் ஆரம்பித்து, மலை உச்சிக்கு ஏறி, வேறு பாதையில் இறங்கி அங்கேயே முடிகிறது. விதி எளிது: மத்தியானம் ஃபேக்டரியின் சங்கு ஊதுவதற்குள் ஜோடியாக உள்ளே வந்துவிட வேண்டும். வந்தால் மெடல், வராவிட்டால் ஒன்றுமில்லை. நாங்கள் ஃபேக்டரிக்குப் போன வழி முழுக்கக் கல்படி இறக்கம். பாதியில் அக்காவின் கால் லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். "குளிருடா" என்றாள். எனக்கும் குளிரத்தான் செய்தது, ஆனால் என் கால் நடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஓட ஆரம்பித்தோம். முன்னால் நிற்பவர் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. கொழும்பிலிருந்து வந்த அண்ணன் தம்பி, மலேசியாவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, உள்ளூர் வாத்தியார்கள் இருவர் என்று விதவிதமான ஜோடிகள். ஏற்றம் தொடங்கியதும் அக்கா சீறிக்கொண்டு போனாள். பதினாலு மாடியும் அவள் காலில் இருந்தது. நான் எஞ்சின் போன டெம்போ மாதிரி இரைந்துகொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எனக்காகக் காத்திருந்தாள். "வாடா, வாடா, கடையில கஸ்டமர் வெயிட் பண்றாங்கன்னு நினைச்சுக்கோ" என்பாள்.

தேயிலைச் செடிகள் முடிந்து புல்வெளி வந்தது, புல்வெளி முடிந்து பாறை. உச்சியில் பனி விலகிவிட்டது. கீழே தெற்கே சமவெளி முழுவதும் தட்டையாகக் கிடந்தது, பார்க்கப் பார்க்க நம்ப முடியவில்லை. வாழைப்பழமும், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற இஞ்சித் தேநீரும் கொடுத்தார்கள். எங்களுக்குப் பின்னால் பாதி ஜோடிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. "பாத்தியா?" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. பந்தயம் முடிந்த மாதிரிதான் எனக்கும் தோன்றியது. அறைக்கு அடித்த பெயிண்ட் வீண் என்று நினைத்தேன். வருத்தமாகவும் இருந்தது, அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

இறங்க ஆரம்பித்தோம். கணக்கு அங்கேதான் உதைத்தது.

முதலில் மெதுவானாள். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் நின்றாள். தொடை இரண்டும் தனியாக ஆடின, முட்டி மடங்கினால் திரும்ப நிமிரவில்லை. ஏறுவதற்கு ஒரு கால், இறங்குவதற்கு வேறு கால் வேண்டும்போல. ஏறுகிற காலை மட்டும் மாதக்கணக்கில் வளர்த்துவிட்டு, இறங்குகிற காலை லிஃப்டில் நிற்க வைத்திருந்தோம். என்னைக் கேட்டால், என் கால் தப்பித்ததற்குக் காரணம் கடைதான். எங்கள் கிடங்கு நாலாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. வருஷக்கணக்காகத் துணிக்கட்டைத் தோளில் போட்டு நான் படியில் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் வந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டின. வாத்தியார்களும் போனார்கள், மலேசியாக்காரர்களும் போனார்கள். அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எதிரில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனசு சட்டென்று லேசாகிவிட்டது. இனி நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சங்கு ஊதும், அக்கா மாடிக்கு வந்துவிடுவாள், போன் எடுக்கவில்லை என்று நான் பதற வேண்டியதில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். "தப்பில்ல. உன் இடத்துல இருந்தா நானும் அதைத்தான் நினைப்பேன்." அத்தான் காரியத்தன்றுகூட அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. திரும்பி முதுகைக் காட்டினேன். "தோளைப் பிடி. நேரா இறங்காத, பக்கவாட்டுல காலை வை. கட்டு இறக்குற மாதிரி."

ஏதாவது சொல்வாள், நானே வர்றேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். பிறகு இரண்டு கையும் என் தோளில் விழுந்தன. லேசாக இல்லை, முழு எடையும். "மெதுவாடா" என்றாள். அப்படியே கல் கல்லாக இறங்கினோம். வலிக்கும்போது சொன்னாள், நில் என்றாள், போ என்றாள், இந்தப் பக்கம் பிடி என்றாள். அவள் யாரிடமும் இத்தனை கேட்டு நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஃபேக்டரியின் தகரக்கூரை தெரிந்தது. இன்னும் இரண்டு வளைவுதான். அப்போது சங்கு ஊதியது. நீளமாக, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஊதியது. நாங்கள் நிற்கவில்லை. அது ஓய்ந்தபிறகும் நடந்தோம்.

ஃபேக்டரி கேட்டுக்குள் போனபோது முடிவுக்கோட்டுத் தோரணத்தைப் பாதி கழற்றியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நடத்துபவர்களில் இருவருக்குள் சிங்களத்தில் வாக்குவாதம். உதவிக்கு நின்ற ஒரு தமிழ்ப் பெண் எங்களுக்குச் சொன்னாள்: "பாவம், இவங்களுக்கும் மெடல் குடுப்போம்னு அவர் சொல்றார். அந்த மேடம், சங்கு சங்குதான்னு சொல்றாங்க."

"மேடம் சொல்றதுதான் சரி" என்றாள் அக்கா. பரீட்சையில் அரை மார்க்குக்கு வந்து நிற்கும் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். அந்த மேடம் எழுந்துவந்து அவளுக்கு நாற்காலி போட்டு, தன் கையாலேயே டீ கொடுத்தார்.

திங்கட்கிழமை சென்னை. மீனம்பாக்கத்தில் ஆட்டோ ஏறும்போது டிரைவர் எங்கள் நடையைப் பார்த்துப் பயந்துவிட்டார். "இன்னா சார், ஆக்ஸிடன்ட்டா?"

"இல்லப்பா, ஓட்டப்பந்தயம்."

"ஓட்னதுக்கு அப்பால நடக்கவே முடில, இன்னா பந்தயமோ" என்று வண்டியை எடுத்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. கத்திப்பாரா மேம்பாலத்தின் இறக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஏறினோம், இறங்கினோம், வந்து சேர்ந்தோம். முடித்தோம் என்று சொன்னால் அதில் பெரிய பொய் எதுவும் இல்லை.

தி. நகர் வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டாள். "முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சும்மா" என்றேன்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். சோபாவின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. நேரம் முடிஞ்சப்புறம்தான் வந்தோம். தோத்தாச்சு."

"அப்படியா? சரி விடு, போகுது. நல்ல நாள் பாத்து மாடிக்கு வந்துரு."

"வரலம்மா."

"என்னட்டி இது? நீதானே சொன்ன?"

"சொன்னேன். அது தப்பு. நான் எங்க இருக்கணும்னு ஒரு மலைகிட்ட போயி கேட்டிருக்கக் கூடாது. ஜெயிச்சிருந்தாலும் அங்கதான் இருப்பேன், தோத்தாலும் அங்கதான் இருப்பேன். அது என் வீடும்மா."

அம்மா என்னிடம் திரும்பினாள். "ஏலே, நீயாவது சொல்லேன்."

சொல்ல என்னிடம் மூன்று வருஷத்துப் பேச்சு இருந்தது. ஆனால் தோளில் இன்னும் அந்த எடையின் வலி இருந்தது. அவள் தனியாக இருக்கிறாளே என்று நான் பயந்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உதவி கேட்க மாட்டாளே என்றுதான் பயந்திருக்கிறேன்.

"வேணும்னா கூப்பிடுவாம்மா" என்றேன்.

அம்மா அதை நம்பியதாகத் தெரியவில்லை. காபி போட உள்ளே போய்விட்டாள், பாத்திரங்களின் சத்தத்திலிருந்தே கோபம் தெரிந்தது. அக்கா அவளைச் சமாதானப்படுத்த எழுந்திருக்கப் பார்த்தாள். தொடை கேட்கவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். பிறகு அடுப்படிக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

"டேய், எந்திரிக்க முடியல. கையைக் குடு."